ஒரே சைக்கிளுக்கு மூன்று முறை பூசிய பெயிண்ட்

2018 பொங்கலுக்கு முந்தைய வாரம் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருப்பதைக் கண்டேன். நகத்தால் லேசாக அழுத்தினேன். சுட்ட கத்திரிக்காயின் தோல் கழன்று வருவதுபோல, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரே துண்டாகப் பெயிண்ட் கையோடு வந்துவிட்டது. அந்தத் துண்டின் வெளிப்பக்கம் புதிது போலப் பளபளத்தது. உட்பக்கம் முழுவதும் செம்பழுப்பு நிறத் துரு மாவு ஒட்டியிருந்தது. அந்த பவுடர் கோட்டிங்கைப் போட்டு அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. எத்தனை வருடமானாலும் அசையாது என்று சொல்லித்தான் பூசிக் கொடுத்திருந்தார்கள். பூச்சும் உண்மையிலேயே உறுதியாகத்தான் இருந்தது, அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய அடித்தளம்தான் அங்கே இல்லை என்பது அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சைக்கிள் 1992 இல் வாங்கிய ஹெர்குலஸ், அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், காட்டர் பின் போட்ட பெடல், பின்னால் கனமான கேரியர். எஃகுக் குழாய்களை லக்கு எனப்படும் இணைப்பு உறைகளுக்குள் செருகிப் பித்தளை வைத்துப் பற்றவைத்த பழைய பாணி பிரேம் அது. நான் குடியிருப்பது வேளச்சேரியில். காலையில் ஓட்டுவது பெரும்பாலும் பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும். ஆகவே உப்புக்காற்று, மழைக்காலத் தேங்கல், சில ஆண்டுகளில் வெள்ளம் ஆகிய மூன்றையும் இந்தச் சைக்கிள் தாங்கியாக வேண்டும். பூச்சைத் தேர்ந்தெடுப்பவர் நிறத்தையும் பளபளப்பையும் யோசிப்பதற்கு முன்பு, தம் வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் நனைகிறது என்பதைத்தான் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஊர் வாழ்க்கைதான் காரணம்.

முதல் முறை பெயிண்ட் அடித்தது 2013 இல். இருபது ஆண்டு உழைத்த கறுப்பு நிறம் அங்கங்கே தேய்ந்திருந்ததால், இரு சக்கர வாகனங்களுக்கு டிங்கர் வேலையும் பெயிண்டும் செய்கிற ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய பெயிண்டை முழுவதும் எடுக்காமல், உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு எனும் செந்நிற அடிப்பூச்சை ஒரு கை அடித்து, பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, மேலே டூகோ அடித்துக் கொடுத்தார்கள். டூகோ என்று நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டை. 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கார்களுக்காகக் கொண்டுவந்த சரக்கின் பெயர் அந்த வகைக்கே பொதுப்பெயராகிவிட்டது. அது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிற பெயிண்ட். காய்ந்தபின் எந்த வேதிப்பிணைப்பும் உருவாவதில்லை என்பதால், எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும், நாளாக ஆக மொறுமொறுப்பாகிச் சிறு இடிக்கும் உதிரும். வேகமாகக் காயும், பாலிஷ் போட்டால் கண்ணாடிபோல மின்னும், யாரும் அடிக்கலாம், விலையும் குறைவு. பந்தலுக்கு வெளியே போகாத பழைய வண்டிக்கு அது பொருந்தலாம். தினசரி ஓடுகிற சைக்கிளுக்குப் பொருந்தாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சைக்கிள் நான்கு நாள் அதற்குள்ளேயே இருந்தது. தண்ணீர் வடிந்தபின் கழுவிப் பார்த்தால், பட்டி வைத்த இடங்களெல்லாம் பொருக்காக எழும்பி, டூகோ செதில் செதிலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் லக்கு ஓரங்களில், 2013 இல் உப்புத்தாள் எட்டாத இடுக்குகளில், அம்பத்தூர் தொழிற்சாலை அடித்த பழைய எனாமல் அப்படியே ஒட்டியிருந்தது. அதைக் கத்தியால் சுரண்டினால் உலோகத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று தெரிந்தது. அது பாஸ்பேட் படலம் என்று பின்னர் ஒரு கோட்டிங் பட்டறையில் சொன்னார்கள். எஃகை பாஸ்பேட் கரைசலில் முக்கினால் அதன் மேற்பரப்பிலேயே நுண்ணிய படிகங்கள் வளர்கின்றன. பெயிண்ட் அந்தப் படிகங்களின் இடுக்கில் வேர் பிடிக்கிறது, ஒரு இடத்தில் கீறல் விழுந்தாலும் துரு பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து போவது குறைகிறது. எந்தப் பூச்சு உழைக்கும் என்ற கேள்விக்கான விடை அன்றே என் கண் முன்னால் இருந்தது. நான்தான் அதை மேல்பூச்சின் பெயரில் தேடிக்கொண்டிருந்தேன்.

2016 இல் பவுடர் கோட்டிங்குக்குப் போனேன். அது என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பலமும் பலவீனமும் அது பூசப்படும் முறையிலேயே இருக்கின்றன. மாவு போன்ற உலர்ந்த பெயிண்டுக்குத் துப்பாக்கி வழியாக மின்னூட்டம் கொடுத்து, பூமியோடு இணைத்த பிரேம் மீது தூவுகிறார்கள். மாவு காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதை அடுப்பில் ஏற்றி, வழக்கமாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை, உலோகம் அந்தச் சூட்டை எட்டியபின் பத்திலிருந்து இருபது நிமிடம் வைக்கிறார்கள். மாவு உருகி ஓடி, தனக்குள்ளேயே வேதிப்பிணைப்பு ஏற்பட்டு, 60 முதல் 100 மைக்ரான் கனத்தில் ஒரே தோலாக இறுகிவிடுகிறது. தின்னர் இல்லாததால் ஒழுகுவதும் கிடையாது. கல் பட்டாலும் சாவிக்கொத்து உரசினாலும் எளிதில் காயம்படாது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். பித்தளை வைத்துப் பற்றவைத்த இணைப்புகளுக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது, பித்தளை உருக அதைப்போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட சூடு வேண்டும்.

நான் கொடுத்த பட்டறையில் ஏழு தொட்டி முறை வைத்திருந்தார்கள். எண்ணெய் எடுப்பது, துரு எடுக்க அமிலத்தில் ஊறவைப்பது, பாஸ்பேட் ஏற்றுவது, இடையிடையே தண்ணீரில் அலசுவது என்று வரிசையாகப் போகும் ஏற்பாடு அது. கதவு, கிரில், தகரப் பெட்டி போன்றவற்றுக்கு அருமையான முறை. சைக்கிள் பிரேமோ உள்ளே கூடான குழாய்களின் கூட்டம். லக்குக்கும் குழாய்க்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகள் இருக்கும். அமிலம் அவற்றுக்குள் புகுந்துவிட்டால் மேலே தண்ணீர் ஊற்றி அலசுவதால் வெளியே வராது. அடுப்பின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும், மிச்சம் உள்ளேயே தங்கி, மாதங்கள் கழித்து ஈரம் பட்டதும் வேலை செய்யத் தொடங்கும். என் பிரேமின் பெடல் கூட்டில் சரியாக இதுதான் நடந்தது.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. மின்னூட்டம் பெற்ற மாவு, விளிம்புகளையும் வெளிப்புற வளைவுகளையும் நாடி ஓடும். உட்குழிந்த மூலைகளுக்குள் மின்புலம் நுழையாததால் மாவும் நுழையாது. இதை ஃபாரடே கூண்டு விளைவு என்று கோட்டிங் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். பெடல் கூட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு கீழ்க்குழாய்களும் சேருகிற இடுக்கு ஒன்று இருக்கிறது. செயின் எண்ணெயும் சேறும் தண்ணீரும் சேருவதும் அங்கேதான், பவுடர் மிக மெல்லியதாக விழுவதும் அங்கேதான். அனுபவமுள்ள கை, மின்னழுத்தத்தைக் குறைத்து அந்த இடுக்குகளுக்கு முதலில் தூவிவிட்டு, பிறகு மற்ற இடங்களுக்கு வரும். ஒரு நாளைக்கு நூறு கிரில் பூசுகிற இடத்தில் ஒற்றைச் சைக்கிளுக்காக அப்படிச் செய்வார்கள் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. முன்கூட்டியே சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவதாக, மறைப்பு, அதாவது பெயிண்ட் ஏறக் கூடாத இடங்களை மூடிவைக்கும் வேலை. பிரேமை வாங்கி வந்து எங்கள் சைக்கிள் கடைக்காரரிடம் ஓவராயில் செய்து மாட்டக் கொடுத்தேன். அவர் பெடல் கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, மரை முழுக்கப் பெயிண்ட் ஏறியிருக்கு. இதுல கப்பை முறுக்கினா மரை போயிடும்" என்றார். மரை வெட்டும் டேப் போட்டு மரையைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆனது. ஹேண்டில் சுழல்வதற்கான ஹெட் கப் உட்காரும் வளையங்களிலும் பூச்சு ஏறியிருந்தது. அதன் மேலேயே கப்பை அடித்து இறக்கினால், ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி ஹேண்டில் ஆட்டம் கொடுக்கும் என்பதால், அங்கேயும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அப்படிச் சுரண்டிய விளிம்புகள் ஒவ்வொன்றும் ஈரம் உள்ளே போக ஒரு வாசல். இருக்கைக்குக் கீழே பொறித்திருந்த பிரேம் எண் பூச்சின் கனத்தில் மூழ்கிப் படிக்க முடியாமல் போனதும் எனக்கு வருத்தம்தான்.

2018 இல் உப்பியதைச் சுரண்டி, துருமாற்றித் திரவம் தடவி, தூரிகையால் கறுப்புப் பெயிண்ட் வைத்து மூன்று ஆண்டு ஓட்டினேன். பவுடர் கோட்டிங்குக்கு ஒட்டுப் போட முடியாது. தூரிகையால் வைத்த இடம் தனியாகத் தெரியும், அதன் ஓரத்திலிருந்து மறுபடி உரியும். அதனால் முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி செய்வது என்று முடிவெடுத்தேன். இந்த முறை பிரேமைத் தொடுவதற்கு முன்பு ஒரு சோதனை செய்தேன். இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரே குழாயிலிருந்து ஒரு சாண் நீளத்தில் நான்கு துண்டுகள் வெட்டி வாங்கினேன். முதல் துண்டுக்கு, மணல் வீச்சுபோலத் துகள் வீசிச் சுத்தம் செய்தபின் நேரடியாகப் பாலியஸ்டர் பவுடர். இரண்டாவதற்கு, அதே சுத்தத்துக்குப்பின் துத்தநாகம் செறிந்த எபாக்சி பவுடர் பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் பாலியஸ்டர் பவுடர். மூன்றாவதற்கு, ரெட் ஆக்சைடும் கடையில் டப்பாவில் விற்கும் சிந்தெடிக் எனாமலும். நான்காவதற்கு, கடினப்படுத்தி கலக்கிய எபாக்சி பிரைமர், அதன்மேல் டூ-கே எனப்படும் இரு கலவை பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட். எல்லாம் காய்ந்து இரண்டு வாரம் கழித்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான கத்தியால் உலோகம் தெரியும்வரை பெருக்கல் குறி போட்டு, மொட்டைமாடியில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் மாலை கைப்பிடி உப்பு கரைத்த தண்ணீரைப் பீச்சினேன். மூன்று மாதம் இது நடந்தது. தொழிற்சாலைகளில் மூடிய பெட்டிக்குள் உப்புப்புகை விட்டுச் செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது.

முடிவில், கீறலிலிருந்து துரு பக்கவாட்டில் எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். எனாமல் துண்டில் விரற்கடை அகலத்துக்குப் பெயிண்ட் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் தேய்த்தாலே வந்தது. நேரடிப் பவுடரில் ஆறேழு மில்லிமீட்டர். எபாக்சியும் பி.யூ.வும் பூசியதில் இரண்டு மில்லிமீட்டருக்குள். துத்தநாகப் பிரைமருக்கு மேல் பவுடர் பூசியதில் கீறலின் கோட்டைத் தாண்டித் துரு அநேகமாக நகரவே இல்லை, கீறலுக்குள் வெள்ளையாகத் துத்தநாக உப்பு பூத்திருந்தது. துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது என்று பள்ளியில் படித்ததை அங்கே கண்ணால் கண்டேன். முதல் துண்டிலும் இரண்டாம் துண்டிலும் கண்ணுக்குத் தெரிகிற மேல்பூச்சு ஒரே டப்பாவிலிருந்து வந்த ஒரே பவுடர். வித்தியாசம் முழுவதும் அடியில் இருந்தது.

அப்படியானால் முழுச் சைக்கிளுக்கும் துத்தநாகப் பிரைமரும் பவுடருமே போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்குக்கும் மட்கார்டுக் கம்பிகளுக்கும் கேரியருக்கும் அதைத்தான் போட்டேன். முன்சக்கரம் வாரியடிக்கும் கல்லும் மண்ணும் முதலில் படுவது போர்க்கின் மேல். அங்கே கனமான, இடி தாங்குகிற பூச்சுதான் வேண்டும். பிரேமுக்கு மட்டும் எபாக்சி பிரைமரும் பி.யூ.வும் தேர்ந்தெடுத்தேன். திரவப் பெயிண்டைத் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து எந்த இடுக்குக்குள்ளும் செலுத்தலாம் என்பதும், மொத்தக் கனம் குறைவாக இருப்பதால் லக்குகளின் கூரிய விளிம்பும் பிரேம் எண்ணும் மறையாது என்பதும், பின்னாளில் ஒரு இடம் அடிபட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூச முடியும் என்பதும் அதற்குக் காரணங்கள். தங்கக்கோடு நான்காவது காரணம். இந்தச் சைக்கிள் வாங்கும்போது கறுப்புக் குழாய்களில் மெல்லிய தங்கநிறக் கோடு இருந்தது. கோடு வரைந்து அதன்மேல் கிளியர் எனும் நிறமற்ற பூச்சு அடிக்க பி.யூ.வில் வழி உண்டு. திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளின் டாங்கில் தங்கக்கோட்டைக் கையாலேயே தூரிகை பிடித்து இழுக்கிற மரபு இந்தச் சென்னையில்தான் வளர்ந்தது. டாங்கின் வளைவில் நடுங்காமல் ஒரே மூச்சில் ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஸ்டிக்கர் ஒட்டி மனம் நிறையாது.

பழைய பவுடரை எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அது ரப்பர்போலத் துகளைத் திருப்பி எறிவதால், நேரடியாகத் துகள் வீசினால் மணிக்கணக்கில் ஆகும். முதலில் பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவைத்து, தோல் சுருங்கிக் கிளம்பியபின்தான் வீச வேண்டும். ரிமூவர் தோலைச் சுட்டுவிடும், அதன் புகையும் கெடுதல். காற்றோட்டமான திறந்த வெளியில், கனமான கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் தொட வேண்டும். ஆற்று மணலை உலர்வாக வீசுகிற இடமாக இருந்தால் கொடுக்காதீர்கள். அந்த மணல் தூசியிலுள்ள சிலிக்கா வேலை செய்பவரின் நுரையீரலைத் தீராத நோய்க்கு ஆளாக்குகிறது. அலுமினியம் ஆக்சைடு துகள் வைத்திருக்கும் பட்டறைகள் அம்பத்தூர், கிண்டி பக்கம் கிடைக்கின்றன. என் சைக்கிளின் குழாய் கனமானது, தாங்கியது. நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்த பந்தயச் சைக்கிள் குழாய்களுக்கு நுண்துகளும் குறைந்த காற்றழுத்தமும்தான் ஏற்றவை. அமிலத் தொட்டி இந்த முறை வேண்டவே வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன்.

துகள் வீசி முடித்த எஃகு, பச்சைக் குழந்தையைப் போன்றது. சாம்பல் வெள்ளையாக, மங்கலாக, மிக அழகாக இருக்கும். சென்னைக் காற்றில் சில மணி நேரத்தில் மஞ்சள் பூக்கத் தொடங்கும். வெறும் கையால் தொட்டால் வியர்வை உப்பு பட்ட இடத்தில் மறுநாள் விரல் ரேகை துருவாகத் தெரியும். அதனால் வீசுகிற இடமும் பிரைமர் அடிக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதை நான் முதல் நிபந்தனையாக வைத்தேன். காலை பத்து மணிக்கு வீச்சு முடிந்தது, கையுறை போட்டுத் தூக்கி, எண்ணெயற்ற காற்றால் ஊதி, பகல் ஒரு மணிக்குள் எபாக்சி பிரைமர் ஏறிவிட்டது.

பூசும் நாளையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மாசி மாதம், மழை இல்லாத வாரம், நடுப்பகல். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசக் கூடாது என்பதும், உலோகத்தின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் இந்தத் தொழிலின் பொதுவிதி. பி.யூ.வின் கடினப்படுத்தி ஈரத்தோடும் வினைபுரிகிற பொருள். ஈரக்காற்றில் அடித்தால் உள்ளே வாயு உண்டாகி நுண்குமிழிகள் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்பட்டு அடித்த பல வண்டிகளில் அந்தக் குமிழிகளைப் பார்த்திருக்கிறேன்.

பெயிண்டர் இளைஞர், பொறுமைசாலி. அடிப்படைப் பெயிண்டையும் கடினப்படுத்தியையும் கண் அளவில் ஊற்றாமல், அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் டப்பாவில் அச்சிட்ட விகிதப்படி கலந்தார். கலவையின் கெட்டித்தன்மையை அறிய, ஓட்டைக் கோப்பையில் ஊற்றி எத்தனை விநாடியில் ஒழுகித் தீர்கிறது என்று எண்ணினார். முதல் கை மென்மூடுபனிபோல. பத்து நிமிடம் விட்டு இரண்டாவது கை ஈரமாக. மூன்றாவது கை இடுக்குகளில் மட்டும். ஆனால் மூக்கில் கட்டியிருந்தது ஒரு துணி. அதை நான் அனுமதிக்கவில்லை. பி.யூ. கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட், சுவாசத்தின் வழியே போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறு அளவும் மூச்சை அடைக்கும். தூசி முகமூடியும் துணியும் அதைத் தடுக்கவே தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று தரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. பக்கத்துப் பட்டறையில் இருந்த காற்றுக்குழாய் முகமூடியை வாடகைக்கு வாங்கி அவரைப் போடச் செய்தபின்தான் வேலை தொடர்ந்தது. வீட்டு வாசலில் நாமே பி.யூ. அடித்துவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

எபாக்சி பிரைமரைப் பற்றி ஒரு வார்த்தை. உலோகத்தைப் பிடித்துக்கொள்வதில் அதற்கு நிகர் குறைவு. வெயில்தான் அதற்கு ஆகாது. சூரிய ஒளி பட்டால் வெளிறி மாவாக உதிரும் என்பதால் அதையே மேல்பூச்சாக விட்டுவிட முடியாது. பாலியஸ்டர் பவுடரும் பி.யூ.வும் வெயிலைத் தாங்குகிறவை. பிரைமர் காய்ந்தபின் மேல்பூச்சு ஏற்றுவதற்கு ஒரு கால எல்லையும் உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டிவிட்டால் 400 எண் வாட்டர் பேப்பரால் மறுபடி மங்கலாகத் தேய்த்துத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காமல் தட்டுத்தட்டாக உரியும்.

பவுடர் அடுப்பிலிருந்து வந்த போர்க்கை வாங்கும்போது, அதன் காலின் உட்பக்கத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். துணியில் நிறம் ஏறவில்லை, பளபளப்பும் மங்கவில்லை. அடுப்பின் காற்று சூடாகியும் கனமான இரும்பு போதிய சூடு ஏறாமல் வெளியே எடுத்துவிட்டால் பூச்சு அரைவேக்காடாகவே இருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, இந்தத் துணிதான் காட்டிக்கொடுக்கும். காந்தத்தில் இயங்கும் கனமானியை வைத்து மேஸ்திரி 140 மைக்ரான் காட்டினார், பிரைமரும் சேர்த்து. மரைகளுக்குச் சிலிக்கான் அடைப்பான் போட்டிருந்தார்கள். போகும் முன்பே மறைக்க வேண்டிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, செல்போனில் படமெடுத்து அவர்களிடமும் கொடுத்திருந்தேன்.

பி.யூ. பூசிய பிரேமை ஒரு வாரம் தொங்கவிட்டே வைத்திருந்தேன். தொட்டால் ஒட்டாது என்பதற்காக மறுநாளே கிளிப்புகளை முறுக்கினால், உள்ளே முழுதும் இறுகாத பெயிண்ட் நசுங்கித் தழும்பு விழும். மாட்டும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் அடியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை வைத்தேன். செயின் அடிக்கும் குழாயில் ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினேன்.

வெளிப்பூச்சு எத்தனை நல்லதாக இருந்தாலும் குழாயின் உட்புறத்தை அது தொடுவதில்லை. தொழிற்சாலைகள் மின்படிவு முறையில் பிரைமர் தொட்டிக்குள் முழுதாக முக்குவதால் உள்ளேயும் ஓரளவு ஏறுகிறது. ஒற்றைப் பிரேமுக்கு நமக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. கார் கதவுகளின் உட்கூட்டுக்குப் பீச்சும் மெழுகை நீண்ட குழாய் வைத்து ஒவ்வொரு குழாய்க்குள்ளும் செலுத்தி, பிரேமைத் திருப்பித் திருப்பி வைத்து எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, ஒரு நாள் வடியவிட்டேன். பெடல் கூட்டின் அடியில் நான்கு மில்லிமீட்டர் துளை ஒன்றைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே போட்டு வைத்திருந்தேன். இருக்கைக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் சேருகிற கடைசிப் பள்ளம் அந்தக் கூடுதான். அதற்கு வழி விடாமல் வெளியே எதைப் பூசினாலும் உள்ளிருந்து அரிக்கும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். 2013 டூகோவுக்கு 700 ரூபாய், 2016 பவுடருக்கு 1,500, 2021 இல் எல்லாம் சேர்த்து 6,200. கடைசித் தொகையில் பாதிக்கு மேல் துகள் வீச்சுக்கும் பிரைமருக்கும் மறைப்புக்கும் போனது. பேரம் பேசுவதென்றால் நிறத்திலும் பளபளப்பிலும் பேசுங்கள், இந்த மூன்றிலும் பேசாதீர்கள்.

அலுமினியம், கார்பன் பிரேம் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னவை அப்படியே பொருந்தா. அலுமினியத்துக்குத் துத்தநாகப் பிரைமர் தேவையில்லை, முன்தயாரிப்பும் வேறு. அதன் உறுதி வெப்பப் பதத்தால் வந்தது என்பதால் குறைந்த சூட்டில் இறுகும் பவுடரையும் குறைந்த நேரத்தையும் கேட்க வேண்டும். கார்பனை வழக்கமான பவுடர் அடுப்பிலும் ஏற்றக் கூடாது, ரிமூவரும் காட்டக் கூடாது, இரண்டும் அதன் பிசினையே கெடுக்கும். கையால் தேய்த்து எடுத்து பி.யூ. அடிப்பதுதான் வழி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி மறுபடி மூழ்கியது. மாடிப்படியில் ஏற்ற முடியாமல் சைக்கிள் இரண்டு நாள் முக்கால் அளவு தண்ணீரில் நின்றது. வடிந்த அன்றே கழுவி, சக்கரங்களைக் கழற்றி, பெடல் கூட்டைத் திறந்து பார்த்தேன். துளை வழியே தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே மெழுகு வழுவழுப்பாக அப்படியே இருந்தது. பால்ஸும் கிரீசும் போயிருந்தன, அவை போகிறவைதான். பிரேமில் ஒரு இடத்திலும் உப்பல் இல்லை. ஸ்டாண்டு உரசும் இடத்தில் மட்டும் நெல்மணி அளவுக்கு பி.யூ. பெயர்ந்து சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது, பிரைமர் உலோகத்தை விடவில்லை. அங்கே தேய்த்துத் தூரிகையால் இரண்டு துளி வைத்தேன், இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போர்க்கில் கல் பட்ட ஏழெட்டுப் புள்ளிகள் உண்டு; எதிலும் துரு பரவவில்லை, ஆனால் அவற்றை மறைக்கவும் வழியில்லை.

மறுபடி செய்வதானால் ஒன்றே ஒன்றை மாற்றுவேன். பின்பக்கக் கீழ்க்குழாய்களுக்கு மட்டும் எபாக்சி பிரைமரை இரண்டு கை கொடுக்கச் சொல்வேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய பி.எஸ்.ஏ. பிரேமைக் கழற்றி வைத்திருக்கிறார். வருகிற மாசியில் அதற்கு அப்படித்தான் செய்வதாக இருக்கிறோம். சோதனைக்கான குழாய்த் துண்டுகள் எங்கள் மொட்டைமாடியில் போன வாரமே கட்டியாகிவிட்டது.